நிலம் திரும்பும் முனையிலே

எங்கள் ஊருக்கு நெடுங்காடு என்று பெயர். பெயரில் காடு உண்டு. ஊரிலோ கண்ணுக்கெட்டிய தூரம் வயல்களே உண்டு. ஆகவே, பெயரிலும் மண்ணிலும் காடாகவே விளங்கும் கோடியக்காட்டை நேரில் கண்டபோது என் உள்ளம் அடைந்த மகிழ்ச்சி பெரிது.

நாகப்பட்டினம், வேதாரணியம் வழியே தெற்கு நோக்கிச் சென்றால் கோடிக்கரையை அடையலாம். வங்கக் கடலை ஒட்டி வந்த கரை இவ்விடத்தில் மேற்கே திரும்புகிறது. அப்பால் பாக் நீரிணை. மீனவர் குடியிருப்பு, பாலை மரங்கள் செறிந்த காடு, அதனை அடுத்துப் பரந்த புல்வெளி, சற்றுத் தொலைவில் உப்பளங்கள். இவையே இச்சிற்றூரின் செல்வங்கள். புல்வெளியில் மேயும் வெளிமான்களைக் காக்கும் பொருட்டு 1967-ஆம் ஆண்டு இப்பகுதி சரணாலயமாயிற்று.

மழைக்காலம் தொடங்கியதும் விருந்தினர் வரத் தொடங்குவர். சைபீரியாவின் குளிருக்கு அஞ்சிப் புறப்பட்ட உள்ளான்கள் சேற்றுநிலத்தில் இரை தேடுகின்றன. பூநாரைகள் ஆழமற்ற நீரில் அணிவகுத்து நிற்கின்றன. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இங்கு வந்து ஆய்ந்துள்ளார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வழித்தடங்களை ஆராய்ந்து வருகின்றனர். அதே மாதங்களில் பிற ஊர் மீனவரும் இக்கரைக்கு வந்து குடிலமைத்துத் தொழில் செய்வது வழக்கம். பறவைக்கும் மனிதனுக்கும் ஒரே கரை சோறிடுகிறது!

2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயலில் இக்காட்டின் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. ஆயினும், புயலினும் அஞ்சத்தக்கது ஓசையின்றி வரும் பகையே. விறகுக்கென்று நாம் விரும்பி ஏற்ற சீமைக்கருவேலம் இப்புல்வெளியிலும் புகுந்துவிட்டது. அதன் இனிய காய்களைக் கால்நடைகள் தின்கின்றன. சாணத்தோடு விதைகள் பரவுகின்றன. புதர் அடர்ந்த இடத்தில் புல் முளைப்பதில்லை. பகையைத் தொலைவிலேயே கண்டு பாய்ந்தோடிப் பிழைக்கும் வெளிமானுக்குத் திறந்த வெளியே அரண். அந்த அரண் சுருங்கி வருகிறது. வனத்துறையினர் இம்மரங்களை அகற்றி வருகின்றனர். எனினும், வெட்டிய அடிமரம் மீண்டும் துளிர்க்கும். வேரோடு களைந்து, ஆண்டுதோறும் காவல் இருத்தல் வேண்டும்.

பெற்றோரே, வரும் தை மாதத்தில் உங்கள் பிள்ளைகளை ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லுங்கள். விடியற்காலையில், ஓசையின்றி நின்று பார்க்கச் சொல்லுங்கள். கண்ணால் கண்டு விரும்பியதைத்தான் நாளை அவர்கள் காக்க முன்வருவார்கள்.