ஆட்டம் பார்க்கும் கை

ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான். அதற்குள் சாலை 1900 மீட்டர் அளவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. குன்னூருக்குக் கீழே 14 கொண்டை ஊசி வளைவுகள். கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36. மஞ்சூர், கெத்தை வழியாகக் காரமடைக்குப் போனால் 43. கேரட்டும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஏற்றிய பிக்கப் வண்டிகள் நாள்தோறும் இந்தச் சாலைகளில் இறங்குகின்றன. சமவெளியில் ஓடும்போது சுமையின் பெரும்பங்கைப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தாங்கிக்கொள்ளும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்ததும் அந்தப் பாரம் முன்னால் சாய்கிறது. வளைவில் ஸ்டியரிங்கையும் கடைசிவரை ஒடித்தாக வேண்டும். இரண்டும் சேரும் நேரத்தில் முன்சக்கரத்தை வண்டியோடு பிடித்து வைத்திருப்பது உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு சாமான். அதன் பெயர் பால் ஜாயின்ட்.

அதைத் தேர்ந்தெடுத்து மாட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் காந்தலுக்குப் போனேன். வெளியூர்க்காரர்களுக்குக் காந்தல் என்றால் குருசடித் திருத்தலம். ஊட்டிக்காரர்களுக்கு அது உழைப்பாளிகளின் பேட்டை. டாக்ஸி ஓட்டுகிறவர்கள், மார்க்கெட்டில் சுமை தூக்குகிறவர்கள், பிளம்பர்கள், மெக்கானிக்குகள் என்று நகரத்தை நடத்துகிற பலர் காலையில் இங்கிருந்துதான் கிளம்புகிறார்கள். முக்கோணத்திலிருந்து பிரியும் ஒரு சரிவான தெருவில் அந்தப் பட்டறை இருக்கிறது. தகரக் கூரை, மேஸ்திரி ஒருவர், உதவிக்கு ஒரு பையன். ஆடிச் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பட்டறைத் தரை முழுவதும் வண்டிகள் கொண்டுவந்து போட்ட செம்மண் சேறு.

முத்தோரை பாலாடா பக்கத்திலிருந்து ஒரு இரட்டைக் கேபின் பிக்கப் வந்து நின்றது. ஓட்டுகிறவர்தான் சொந்தக்காரரும். "ஸ்பீட் பிரேக்கர் ஏறினா இடது பக்கம் டொக்குன்னு ஒரு சத்தம் வருதுங்கண்ணா. ஷாக் அப்சார்பர் போயிருச்சுன்னு நெனைக்கிறேன்" என்றார். மேஸ்திரி பதில் சொல்லாமல் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அங்கே அவர் செய்ததை விரிவாகச் சொல்ல வேண்டும். நான் பார்க்கப் போன வேலையின் உயிர் அதில்தான் இருக்கிறது.

ஜாக்கியைச் சேஸிஸுக்கு அடியில் வைக்கவில்லை. சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ் ஆர்முக்கு அடியில், சக்கரத்துக்கு எவ்வளவு பக்கமாக முடியுமோ அவ்வளவு பக்கமாக வைத்தார். காரணம் கேட்டேன். "காயில் கீழ் ஆர்ம் மேல உக்காந்திருக்கு சார். சேஸிஸத் தூக்கினா காயில் ஆர்ம அமுக்கும், ஜாயின்ட் இறுகிக்கும். போன ஜாயின்ட் கூட நல்ல ஜாயின்ட் மாதிரி தெரியும்." ஆர்மைத் தூக்கினால் காயில் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜாயின்டிலிருந்து விலகிவிடும். தேய்மானம் இருந்தால் அப்போதுதான் வெளியே வரும். வண்டியைத் தவறான இடத்தில் தூக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

பிறகு சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டினார். லேசான ஆட்டம் இருந்தது. உடனே தீர்ப்புச் சொல்லவில்லை. பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டினார். வீல் பேரிங் தளர்ந்திருந்தால் பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றுவிடும். நிற்கவில்லை. இடது வலதாகப் பிடித்து ஆட்டியபோது ஒன்றும் இல்லை, ஆகவே ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்ட் நன்றாக இருக்கிறது. கடைசியில் டயருக்கு அடியில் ஒரு கம்பியைக் கொடுத்து நெம்பினார். இன்னொரு கையின் விரல்கள் கீழ் ஜாயின்டின் மேல் இருந்தன. என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணுக்குத் தெரியாத ஒரு நகர்வு விரல் நுனியில் தட்டியது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் கவர் ஒரு பக்கம் கிழிந்து, உள்ளேயிருந்து கிரீஸுக்குப் பதிலாகக் காவி நிறத்தில் தண்ணீர் கசிந்தது.

நம் தோள் மூட்டைப் போன்ற அமைப்பு இது. ஒரு கிண்ணத்துக்குள் ஓர் இரும்புக் குண்டு, குண்டிலிருந்து வெளியே நீளும் ஒரு தண்டு. சக்கரம் மேலும் கீழும் போகலாம், இடமும் வலமும் திரும்பலாம், ஆனால் கழன்று வரக் கூடாது. பழைய ஜீப்புகளில் இது கிடையாது. விறைப்பான முன் அச்சும் கிங் பின்னும்தான். 2005-இல் வந்த டாடா ஏஸின் முன்பக்கமும் பட்டை வைத்த விறைப்பான அச்சுதான். அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டு லிங்கன் காரில் முன்சக்கரங்களைப் பால் ஜாயின்டில் நிறுத்தினார்கள், பிறகு உலகமெங்கும் கார்களில் அது பரவியது. தனித்தனியாகத் துள்ளும் முன்சக்கரங்கள் கொண்ட பிக்கப்களில் ஒவ்வொரு பக்கமும் மேலே ஒன்று, கீழே ஒன்று இருக்கும். காயில் கீழ் ஆர்மில் உட்காரும் வண்டியில் பாரம் தாங்குவது கீழ் ஜாயின்ட். மேலே இருப்பது துணைக்கு நிற்பது. கீழ் ஜாயின்டின் குண்டு கிண்ணத்தைவிட்டு வெளியே வந்தால் சக்கரம் சாய்ந்து படுத்துவிடும், அதன்பின் ஸ்டியரிங் யார் பேச்சையும் கேட்காது. சமவெளியில் என்றால் வண்டி ஓரமாகப் போய் நிற்கும். குன்னூர் இறக்கத்தில், பர்லியாறுக்கு மேலே, ஓரம் என்பது பள்ளத்தாக்கு.

அடுத்தது எதை வாங்குவது என்ற கேள்வி. உதிரி பாகக் கடைக்கு மேஸ்திரியோடு நானும் போனேன். மேசையில் வேறு வேறு கம்பெனிப் பெட்டிகள் வந்து விழுந்தன. சென்னையில் 1929-இல் மோட்டார் வியாபாரமாகத் தொடங்கிய ராணே, 1960 வாக்கில் டை ராடு எண்ட் செய்யத் தொடங்கியது. அன்றிலிருந்து இந்த வகைச் சாமான்களைத் தமிழ்நாட்டிலேயே செய்கிறோம். நல்ல பொருளுக்குப் பஞ்சம் இல்லை. நல்ல பொருளைப் போலவே பெட்டி போட்டு வரும் போலியும் கூடவே இருக்கிறது. மேஸ்திரி பெட்டியைப் பெரிதாகப் பார்க்கவில்லை. சாமானை வெளியே எடுத்து, தண்டைப் பிடித்து எல்லாப் பக்கமும் சுழற்றினார். ஒரே சீராக இறுக்கமாகத் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் வழுக்கினால் உள்ளே குண்டு சரியான உருண்டை இல்லை என்று பொருள். மரையை நகத்தால் வருடினார். தண்டின் கூம்புப் பகுதியில் கடைசல் கோடுகள் தெரிகின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளையில் அந்தக் கூம்பு முழுவதுமாகப் பதிந்தால்தான் பிடிப்பு. அங்கங்கே மட்டும் தொட்டுக்கொண்டு நின்றால், நட்டை எவ்வளவு முறுக்கினாலும் நாளடைவில் துளை தேய்ந்துவிடும்.

நெடுநேரம் அவர் கையில் இருந்தது ரப்பர் கவர்தான். விரல்களுக்கு இடையில் மடித்து அழுத்திப் பார்த்தார். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்த ஒன்றை ஒதுக்கிவிட்டார். "எடை தாங்கறதுல எல்லாமே தாங்கிரும் சார். இங்க ஜாயின்டக் கொல்றது மழை." இதை நான் முழுமையாக நம்புகிறேன். நீலகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டியது. நடுவில் மூடுபனி. மார்கழி, தையில் உறைபனி, விடியற்காலையில் ரப்பர் விறைத்துக் கிடக்கும். விறைத்த ரப்பரோடு வண்டியை எடுத்து முதல் வளைவில் முழுக்க ஒடித்தால் மடிப்புகளில் வெடிப்பு விழத் தொடங்குகிறது. நூலளவு வெடிப்பு போதும். சேற்றுத் தண்ணீர் உள்ளே போய்க் கிரீஸைக் கழுவிவிடும், பளபளப்பான குண்டில் துரு புள்ளி புள்ளியாகக் குழி பறிக்கும். அதன்பின் ஒவ்வொரு திருப்பமும் உள்ளே அரம் போடுவதுதான்.

இரண்டு வகை சாமான்கள் மேசையில் இருந்தன. ஒன்றில் கிரீஸ் அடிக்க நிப்பிள் உண்டு. இரும்புக் கிண்ணத்துக்குள் ஸ்பிரிங் வைத்து, தேயத் தேய ஓரளவு தானே இறுக்கிக்கொள்ளும். மற்றொன்று சீல் செய்தது. பிளாஸ்டிக் படுகையில் குண்டு உட்கார்ந்திருக்கும், ஸ்டியரிங் இலகுவாக இருக்கும், ஆயுள் முழுக்கக் கிரீஸ் வேண்டாம், ஆனால் கவர் கிழிந்த நாளிலிருந்து அதன் நாட்கள் எண்ணப்படுகின்றன. மலைக்கு நிப்பிள் வைத்ததுதான் மேல் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். புதுக் கிரீஸ் உள்ளே போகும்போது தண்ணீரும் மணலும் வெளியே வந்துவிடும் அல்லவா? மேஸ்திரி வண்டிக்காரருக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, மாசம் ஒருக்கா வந்து கிரீஸ் அடிப்பியா?"

"கேரட் சீசன்ல எங்கண்ணா நேரம்?"

சீல் செய்ததை எடுத்துக்கொண்டார். நிப்பிள் இருந்தும் கிரீஸ் காணாத ஜாயின்ட், சீல் செய்ததைவிடச் சீக்கிரம் போகும் என்றார். இன்னொரு பக்கமும் உண்டு. அவசரக்காரர்கள் எப்போதாவது வந்து கிரீஸ் கன்னை நிறுத்தாமல் அடிக்கும்போது கவர் உப்பிக் கிழிந்துவிடுகிறது. எந்த ஜாயின்ட் சிறந்தது என்ற கேள்விக்கு, எந்த ஆளுக்கு என்ற கேள்வியை அவர் முதலில் வைத்தார். என் முடிவைவிட அது எவ்வளவோ நல்ல முடிவு. அந்த வண்டிக்காரரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. விடியுமுன் கேரட்டைப் பறித்து, மெஷினில் கழுவி, மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். ஒருநாள் வண்டி நின்றால் அன்றைய வாடகை போகும், அதோடு வாடிக்கையும் போகலாம்.

மாட்டுகிற வேலையில் பையனின் பொறுமையைக் கண்டேன். கூம்பை விடுவிக்கச் சம்மட்டியால் அடிக்காமல் புல்லர் போட்டு இழுத்தான். ஆர்மில் இறுக்கமாக உட்கார வேண்டிய சாமானைப் பிரஸ்ஸில் நேராக அழுத்தி இறக்கி, சர்க்ளிப் முழுதாகப் பள்ளத்தில் விழுந்ததா என்று சுற்றிலும் தடவினான். பழைய ஆர்மில் துளை அகன்றுபோயிருந்தால் சிலர் இரண்டு பொட்டு வெல்டிங் வைத்து அனுப்புவதுண்டு. அந்தச் சூட்டில் உள்ளே பிளாஸ்டிக் உருகும், இரும்பின் பதமும் கெடும். "அப்படி வந்தா ஆர்மையே மாத்தச் சொல்லுவேன். முடியாதுன்னா வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லிருவேன்" என்றார் மேஸ்திரி. நட்டை முறுக்கியபோது காட்டர் பின் துளை ஒத்துவரவில்லை. கொஞ்சம் தளர்த்தினால் பின் போய்விடும். பையன் தளர்த்தவில்லை, அடுத்த வெட்டு வரும்வரை இறுக்கித்தான் பின்னைப் போட்டான். பத்தாவதோடு படிப்பை விட்டவன். மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் என்று ஐடிஐ-யில் இரண்டு வருடப் படிப்பு இருக்கிறது. அவனுக்கு அந்தச் சான்றிதழும் கிடைக்க வேண்டும் என்று அங்கேயே தோன்றியது.

வலது பக்கமும் இதேபோல ஆட்டிப் பார்த்தார்கள். ஆட்டம் இல்லை, கவரும் முழுதாக இருந்தது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னதை மேஸ்திரி ஏற்கவில்லை, அதைத் தொடாமல் விட்டுவிட்டார். வீல் அலைன்மென்ட் பார்த்துவிட்டுத்தான் சுமை ஏற்ற வேண்டும், ஒரு வாரம் ஓட்டிவிட்டு நட்டைக் காட்ட வர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார்.

பில் எழுதிய துண்டுச் சீட்டில் சாமான் விலையும் மாட்டுக்கூலியும் இருந்தன. ஜாக்கியைச் சரியான இடத்தில் வைத்து, பேரிங்கையும் டை ராடையும் ஒவ்வொன்றாக விலக்கி, விரல் நுனியில் அந்த நகர்வைக் கண்டுபிடித்த நேரத்துக்கு ஒரு வரி இல்லை. நல்லது என்று கண்டு மாற்றாமல் விட்ட வலது ஜாயின்டுக்கும் ஒன்றும் இல்லை, கூலியில் அவருக்கு அது நஷ்டம்தான். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று (எஃப்சி) எடுக்க வேண்டும் என்பது சட்டம். அது தேவைதான். ஆனால் ஜூன் மழையில் கிழிந்த கவர் அடுத்த எஃப்சி-க்காகக் காத்திருக்காது. நடுவில் அந்த வண்டியையும் எதிரே ஏறி வருகிற பஸ்ஸையும் காப்பாற்றுவது இந்தப் பார்வை ஒன்றுதான். அதற்குத்தான் நாம் காசு கொடுப்பதில்லை.

பிக்கப் சங்கங்களே மழைக்கு முன் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பரிசோதனைக் கட்டணம் கொடுத்து முன்பக்கத்தைப் பார்க்கச் செய்தால் என்ன என்று மேஸ்திரியிடம் கேட்டேன். மே மாதம் முழுக்கச் சுற்றுலா டாக்ஸிகள் பட்டறையை அடைத்துக்கொள்ளும் என்று யோசித்தார். "பூக்கண்காட்சி முடிஞ்ச வாரம் எனக்கு வேலை கம்மி சார். அப்பக் கொண்டுவரச் சொல்லுங்க. பாக்கறதுக்குக் காசெல்லாம் வேண்டாம்."

காசு வாங்கத்தான் வேண்டும் என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, நானும் விடவில்லை. அதற்குள் அடுத்த வண்டி வாசலில் வந்து நின்றது, இதற்கு வலது பக்கம் சத்தமாம்.