மகா ஓயாவின் வெந்நீர்

1. மேற்கே போகும் பாதை

நிலத்துக்குள்ளிருந்து சுடச்சுடத் தண்ணீர் வருகிற இடம் நமது அம்பாறை மாவட்டத்திலேயே இருக்கிறது என்றால் கல்முனையில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். "கன்னியாவைத்தானே சொல்றீங்க?" என்று திருகோணமலைப் பக்கம் கை காட்டுவார்கள். ஆனால் இலங்கையின் வெந்நீர் ஊற்றுகளில் மிகச் சூடானது என்று பேரெடுத்தது மகா ஓயா. சூடு 55 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். தேர்தல் வந்தால் அந்த ஊராரும் நாங்களும் திகாமடுல்ல என்ற ஒரே தேர்தல் மாவட்டத்தில்தான் வாக்குப் போடுகிறோம். அப்படியிருந்தும் எங்கள் வீட்டில் யாரும் அங்கே போனதில்லை.

போகத் தூண்டியது ஜப்பான். அங்கே வேலை செய்துவிட்டு லீவில் வந்த எங்கள் தெருப் பொடியன் ஒருவன் நொசாவா என்ற மலையூரின் படங்களைக் காட்டினான். அந்தச் சின்ன ஊரில் வெந்நீர்க் குளிப்பறைகள் 13 இருக்கின்றனவாம். கழுவித் துடைத்துப் பராமரிப்பது ஊர்மக்கள். கட்டணம் இல்லை, விரும்பியவர் உண்டியலில் காசு போடலாம். தொட்டிக்குள் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். முழங்கால் வலியோடு இருக்கிற என் மாமி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நம்மட நாட்டுல இப்பிடி ஒண்டும் இல்லையா மகன்?" என்றார். அடுத்து வந்த சனிக்கிழமை, சுபஹு தொழுகை முடிந்த கையோடு மச்சானின் வேன் புறப்பட்டது.

காரைதீவுச் சந்தியில் திரும்பி மாவடிப்பள்ளி வந்ததும் வேனில் பேச்சு நின்றது. 2024 நவம்பர் வெள்ளத்தில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் புரண்டது இந்த இடத்தில்தான். அந்தப் பிள்ளைகளுக்காகத் துஆ கேட்டுவிட்டுத்தான் கடந்தோம். இரண்டு பக்கமும் வயல் பச்சையாகக் கிடந்தது. வீதி அமைப்போரே, அந்த இடத்தை இனியும் மழைக்கு விட்டுவைக்காதீர்கள்.

சம்மாந்துறையும் போய் அம்பாறை நகரம் வந்தது. தேநீருக்கு நிறுத்தலாமா என்று மச்சான் கேட்டான். பின்னால் இருந்து பதில் வரவில்லை. 2018 பெப்ரவரி 26 இரவு இந்த நகரத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக்கடை ஒன்றையும் பள்ளிவாசலையும் அடித்து நொறுக்கினார்கள். கொத்துரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்து சிங்களவருக்குக் கொடுக்கிறார்கள் என்பதுதான் கதை. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பரிசோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி. ஒரு மனிதனை நிரந்தரமாக மலடாக்கும் அப்படியொரு மாத்திரை உலகத்திலேயே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். பள்ளியைத் திருத்திக் கட்டிவிடலாம். "அவங்கட சாப்பாடு", "நம்மட சாப்பாடு" என்று அன்று மனதில் விழுந்த கோட்டை யார் அழிப்பது? நாங்கள் தேநீர் குடிக்காமலே உகணைப் பக்கம் போனோம்.

அந்தப் பாதை நமக்குப் புதிதல்ல. போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய 1626இல், கண்டி அரசன் செனரத் அவர்களில் நாலாயிரம் பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்றில் படிக்கிறோம். அதன் பிறகும் நமது முன்னோர் தவாளம் என்னும் பொதிமாட்டுக் கூட்டங்களில் உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிக்கொண்டு ஊவாவுக்கும் கண்டிக்கும் காட்டுவழியே போய்வந்தார்கள். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழுந்து, உள்நாட்டில் குடியேற்றங்கள் வந்தன. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமானது. அதன் பிறகுதான் கரையோரத்தாருக்கும் காட்டுப்பக்கத்தாருக்கும் நடுவே போக்குவரத்து குறைந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை நினைக்க எனக்குப் பெரிய வருத்தம்.

2. சோளன் விற்ற அம்மா

மகா ஓயா சந்தியிலிருந்து ஊற்று கிட்டத்தான். வேனை நிறுத்தியதுமே ஒரு இளைஞன் வந்து ஐந்நூறு ரூபாய் கேட்டான். எதற்கு என்றேன். வாகனம் நிறுத்த என்றான். துண்டு கேட்டேன், இல்லை. முன்னால் நின்ற காரிடம் நூறுதான் வாங்கினதைக் கண்டேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவன் குரலை உயர்த்தினான். மச்சானும் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டான். "இஞ்சாருங்க, குடுத்துட்டு வாங்க, சண்ட வேணாம்" என்று மனைவி உள்ளேயிருந்து கெஞ்சினார்.

வெளியூரில், அதுவும் இப்படியான ஊரில், நம்மவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். நான் கொடுக்க விரும்பவில்லை. ஐந்நூறு ரூபாய் பெரிய காசு இல்லை. ஆனால் ஆளைப் பார்த்து விலை சொல்வதை ஒருமுறை ஏற்றுக்கொண்டால், அடுத்து வருகிறவனிடம் ஆயிரம் கேட்பான்.

அவித்த சோளன் பொத்தி விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான சிங்கள அம்மா அந்த நேரத்தில் எழும்பி வந்தார். அந்த இளைஞனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் பேசிய வேகத்தில் பாதிதான் எனக்கு விளங்கியது. "தண்ணீர் உன் அப்பன் வெட்டியதா? நோயாளியைக் கூட்டிக்கொண்டு வந்தவரிடம் கை நீட்டுகிறாயா?" என்பது மட்டும் தெளிவாகக் கேட்டது. அவன் நூறு ரூபாயோடு போய்விட்டான்.

ஊற்று என்றால் காட்டுக்குள் பாயும் அருவி என்று நினைத்துப் போகாதீர்கள். வெட்டவெளியில் சீமெந்துக் கட்டு வைத்த தொட்டிகள். ஒவ்வொன்றிலும் சூடு வேறு. ஒன்றில் கையை வைத்திருக்கலாம். இன்னொன்றில் விரல் பட்டதும் இழுத்துக்கொள்ள வேண்டும். அடியிலிருந்து குமிழி குமிழியாக வந்துகொண்டே இருக்கிறது. மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "ஆரு மகன் கீழ நெருப்பு மூட்டினது? அல்லாட வேலையப் பாருங்க" என்றார்.

ஜப்பானில் அந்த நெருப்பைப் பெரும்பாலும் எரிமலை மூட்டுகிறது. நமது நாட்டில் எரிமலை இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, வேறொரு வெடிப்பால் மேலே வருகிறது. மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கிழக்கின் விஜயன் பாறைத் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டித்தான் திருகோணமலைக் கன்னியா முதல் அம்பாந்தோட்டை மகாபெலஸ்ஸ வரை இந்த ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன.

ஆண்கள் சாறனோடு வாளியில் அள்ளி ஊற்றிக்கொண்டு நின்றார்கள். நானும் ஊற்றினேன். முதல் வாளி தோளில் விழுந்ததும் உடம்பே அவிழ்ந்ததுபோல் இருந்தது. ஆனால் கட்டைச் சுற்றிப் பார்த்தால் மனம் வெறுத்துவிடும். ஷாம்பு பைக்கற்றுகள், சவர்க்காரத் தாள், பிளாஸ்டிக் போத்தல். தொட்டியில் இறங்குமுன் உடம்பைக் கழுவுகிற ஜப்பான்காரன் எங்கே, தொட்டியின் ஓரத்திலேயே நுரை வழியவிடுகிற நாம் எங்கே? ஈமானில் பாதி சுத்தம் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற சமூகம் நாங்கள். அங்கே கிடந்த பைக்கற்றுகளில் எங்கள் ஊர்க் கடைப் பைகளும் இருந்தன. பொறுக்க முடியவில்லை, மச்சானும் நானுமாக ஒரு உரப்பையில் பொறுக்கிக் கட்டினோம்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். இத்தனை ஆண்களுக்கு நடுவே நனைந்த உடுப்போடு நிற்க மாமியும் மனைவியும் சம்மதிப்பார்களா? கட்டின் ஓரமாக ஒதுங்கி உட்கார்ந்து, காலில் மட்டும் இரண்டு சிரட்டை ஊற்றிக்கொண்டார்கள். முழங்கால் வலிக்காக வந்தவர் காலை நனைத்துவிட்டுப் போவதா? எனக்குக் கோபம் வந்தது.

அதைக் கண்டதும் அந்தச் சோளன் அம்மாதான். கடையை அப்படியே விட்டுவிட்டு, பேரனிடம் இரண்டு வாளியைக் கொடுத்தார். பின்னால் கூப்பிடு தூரத்தில் அவர் வீடு. வளவுக்குள் கிடுகு அடைத்த ஒரு மறைப்பு. பேரன் சூடு ஆறமுன்னே வாளி வாளியாகக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு விலகிப் போனான். அம்மா உள்ளே நின்று மாமியின் முழங்காலுக்கு ஊற்றினார். மாமிக்குச் சிங்களம் தெரியாது. அவருக்குத் தமிழ் தெரியாது. உள்ளே இரண்டு கிழவிகளும் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தது வெளியே எனக்குக் கேட்டது.

ளுஹர் நேரமாயிற்று. தொழ இடம் கேட்டேன். விறாந்தையில் பாயை உதறி விரித்தவர், நான் கேட்குமுன்பே மேற்குப் பக்கமாக இழுத்துவிட்டார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் துணி விற்க வந்த நானாமார் அந்தத் திண்ணையில் அப்படித்தான் தொழுவார்களாம்.

பிறகு சாப்பிடச் சொன்னார். குரக்கன் ரொட்டி, கட்டசம்பல், பலாப்பிஞ்சுக் கறி, எருமைத் தயிர். "இறைச்சி இந்தச் சட்டியில் சமைத்ததில்லை; பயப்படாமல் சாப்பிடுங்கள்" என்றார். குரக்கன் ரொட்டியை அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு பிய்த்து, அம்மியில் அரைத்த சம்பலைத் தொட்டுத் தின்ன வேண்டும். எங்கள் பக்கத்துக் கலியாண வீடுகளில் சஹனில் குவித்துவைக்கும் புரியாணி எனக்கு அன்று நினைவுக்கே வரவில்லை. பலாப்பிஞ்சு நன்றாக வெந்து, மிளகு ஏறி, இறைச்சியை விட ருசியாக இருந்தது.

எங்களிடமும் சாப்பாடு இருந்தது. மனைவி விடியவே அவித்த வட்டிலப்பம். அதை வெளியே எடுப்பதா வேண்டாமா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். அம்பாறையில் தேநீர் குடிக்காமல் வந்த அதே பயம். நான் தலையாட்டினேன். அம்மா முதல் துண்டை வாயில் வைத்து, கண்ணை மூடி, "ஏலம் சரியாகப் போட்டிருக்கிறாய் மகள்" என்றார். இரண்டாவது துண்டையும் எடுத்தார். பேரனைக் கூப்பிட்டு அவன் கையிலும் வைத்தார். என் மனைவி எழும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் கண்டேன். 2018இலிருந்து எங்கள் சமையலின் மேல் கிடந்த பழி அந்தத் திண்ணையில் கழன்றது என்றே நான் நம்புகிறேன். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். சோளன் பொத்திக்கு மட்டும் கணக்குப் பார்த்து வாங்கினார்.

3. திரும்பும் வழி

திரும்பும்போது பெரிய புல்லுமலை, கரடியனாறு வழியாகச் செங்கலடிக்கு இறங்கினோம். வெயில், தூசு, எல்லாரும் தூக்கம். காத்தான்குடியில் தேநீர் குடித்தோம். இருட்டுமுன் கல்முனை வந்துவிட்டோம். மாமியின் முழங்கால் இரண்டொரு நாள் இளகியிருந்து பழையபடி ஆயிற்று; வெந்நீர் மருந்தல்ல, ஒத்தடம்.

அந்த ஊற்றுக்கு வேண்டியது இரண்டே இரண்டு: பெண்களுக்குச் சுவர் வைத்த ஒரு குளிப்பிடம், குப்பைக்கு ஒரு ஒழுங்கு. நொசாவா ஊரார் தங்கள் குளிப்பறைகளைத் தாங்களே கழுவுகிறார்கள் என்றால், மகா ஓயா ஊராரோடு சேர்ந்து நாங்களும் ஒரு நாள் சிரமதானத்துக்குப் போகலாம். எங்கள் பள்ளி நிர்வாகத்தில் இதைச் சொல்லியிருக்கிறேன்.

போகிறவர்கள் சவர்க்காரம் கொண்டுபோகாதீர்கள். துண்டில்லாமல் காசு கொடுக்காதீர்கள். அம்பாறை நகரத்தில் வேனை நிறுத்தித் தேநீர் குடியுங்கள். அடுத்த முறை நாங்களும் குடிப்போம். அந்த அம்மாவுக்கென்று மருதமுனைக் கைத்தறிச் சேலை ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம், மாரி மழை விட்டதும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.