அக்காவின் கன்று

2013 புரட்டாசியில் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் திடலில் கோமாரி தடுப்பூசி முகாம் போட்டார்கள். ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். முதல் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் வந்து, "நாளைக்கு நான் நடவுக்குப் போறேன் தம்பி. என் மாட்டையும் சேத்து ஓட்டிட்டுப் போயிடு" என்றார். சரி என்றேன்.

ஓட்டிப் போகவில்லை. என் மாடுகளையும் அவிழ்க்கவில்லை. ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்பார்கள். அந்த வாரம் மகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டியிருந்தது. அக்கா கேட்டபோது கூட்டம் அதிகம், அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன்.

ஐப்பசியில் டெல்டா முழுக்கக் கோமாரி. நாகை, திருவாரூர், தஞ்சாவூர் என்று எந்தப் பக்கம் போனாலும் மாடு செத்த பேச்சுதான்.

ஒரு விடியற்காலை கொட்டகையில் சப்புக் கொட்டுகிற சத்தம் கேட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். பசுவின் வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி தொங்கித் தரையைத் தொட்டது. நாக்கைப் பிடித்தேன், மேல்தோல் ஈரத்துணி போல என் கையோடு வந்துவிட்டது. குளம்புப் பிளவில் கொப்புளம்.

யாரிடமும் சொல்லவில்லை. தெரிந்தால் சொசைட்டியில் பால் எடுக்கமாட்டார்கள். கையைக் கழுவினேன், காலைக் கழுவவில்லை. அதே வேட்டியோடு அக்காவின் கொல்லைக்குப் போய் இரண்டு கட்டு வைக்கோல் கேட்டு வாங்கி வந்தேன். "மாடு ஏன் தம்பி சுணங்கிக் கிடக்கு?" என்றார். வயிறு சரியில்லை என்றேன்.

நாலைந்து நாளில் அக்காவின் மாட்டுக்கும் வந்தது. அதற்கு இருபது நாள் கன்று ஒன்று இருந்தது. மடியை முட்டிப் பால் குடித்தது, இரண்டு எட்டு நடந்தது, விழுந்தது. வாயில் ஒரு கொப்புளம்கூட இல்லை. இளங்கன்றுகளுக்கு இந்தக் கிருமி நேராக இதயத்தைத் தாக்கும், புண் வருவதற்குள் உயிர் போய்விடும் என்று மாட்டு டாக்டர் சொன்னார். தென்னை மரத்தடியில் குழி வெட்டியது நான்தான். "இப்பத்தானே குடிச்சுச்சு, இப்பத்தானே குடிச்சுச்சு" என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தார்.

என் பசு பிழைத்துக்கொண்டது.

ஊரெல்லாம் நோய் இருந்ததே, என்னால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லியிருக்கிறேன். அது பொய்ச் சமாதானம். எச்சிலில், பாலில், சாணத்தில், மாட்டுக்காரன் காலில், வேட்டியில், வைக்கோலில் ஒட்டிக்கொண்டு போகிற கிருமி அது. கொப்புளம் வெளியே தெரியும் முன்பே பரவத் தொடங்கிவிடும். நான் கட்டுத்தறியில் நிறுத்திவைத்தது என் மாட்டை மட்டும் அல்ல.

2001இல் பிரிட்டனில் இதே நோயை ஒழிக்க 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை, செய்யவும் முடியாது. நமக்கு ஊசிதான் வழி. நம் தாத்தா காலத்தில் கொட்டகை கொட்டகையாகக் காலி செய்த வெக்கை நோய் ஊசியால்தான் அழிந்தது. 2011இல் உலகத்தை விட்டே போய்விட்டதாக அறிவித்தார்கள். கோமாரிக்கு 2019 முதல் மத்திய அரசுத் திட்டத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் போடுகிறார்கள். நாலு மாதக் கன்றிலிருந்து போடலாம். போட்ட மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை. ஆனால் ஒரு தடவை போட்டதோடு முடிந்துவிடாது. ஊசியின் பலம் மாதக்கணக்கில்தான் நிற்கும். ஒரு சுற்றைத் தவறவிட்டால் கொட்டகைக் கதவைத் திறந்து போட்ட மாதிரிதான்.

போன வருஷம்தான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகாமுக்குப் போகாததை, வயிறு சரியில்லை என்றதை. கொஞ்ச நேரம் தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா கன்னுக்குட்டியை வேற எடத்துல கட்டியிருப்பேனே தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மாடு வைத்திருப்பவர்களே, முகாமுக்கு ஓட்டிப் போங்கள். அதையும் மீறி ஒரு நாள் உங்கள் மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகினால், மறைக்காதீர்கள். தனியாகக் கட்டுங்கள், சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் காலைக் கழுவுங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள். கிட்டே போகாமல், வேலிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள்.