இந்த முறை நாங்கள் சீனியர்கள்

கம்பஸ் திறக்க இன்னும் பதினொரு நாள் இருக்கு. பெச் வட்ஸ்அப் குறூப்பில் ஒரு மாதமாகச் சத்தமே இல்லாமல் இருந்தது, இப்ப விடிய விடிய மெசேஜ். எப்ப வாறீங்கள், போர்டிங் கிடைச்சிட்டா, ரிசல்ட் வந்திட்டா. கடைசிக் கேள்விக்கு மட்டும் யாரிடமும் பதில் இல்லை. முதலாம் வருட ரிசல்ட் வராமலே இரண்டாம் வருடத்துக்குப் போறம். சிறப்புக் கற்கைக்கு எடுபடுவோமா, இல்லை மூன்று வருடத்தில் பொதுப்பட்டத்தோடு வீட்டுக்கு வந்து நிற்போமா என்று தெரியாமலே கொப்பி வாங்க வேண்டியிருக்கிறது. ஒரு விதத்தில் நல்லதுதான். போன வருடம் வாங்கிய சீஆர் கொப்பிகளில் பாதிக்கு மேல் வெறும் தாள், அதிலேயே தொடரலாம்.

காலக் கணக்கில் எங்களுக்கு நம்பிக்கை போய்க் கன காலம். நாங்கள் 2022ஆம் ஆண்டு ஏ.எல் பெச். அந்தப் பரீட்சையை எழுதியது 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும். முதலில் கொரோனா, பிறகு பெற்றோல் வரிசை. கம்பஸுக்குள் கால் வைக்கும்போது எங்களோடு படித்த சிலர் கட்டாருக்குப் போய் முதல் லீவுக்கும் வந்திட்டாங்கள்.

முதலாம் வருடம் ஹொஸ்டல் தந்தார்கள். இப்ப வெளியே போர்டிங் தேட வேணும். ஒரு அறைக்கு நாலு பேர், கரண்ட் பில் தனி, ஹீட்டர் போடக்கூடாது, அன்ரி பத்து மணிக்குக் கேற் பூட்டிடுவா. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆனது, பேர்சரி 4,000இலிருந்து 6,500. சந்தோஷம்தான். ஆனால் கூட்டின காசு போர்டிங் வாசலைத் தாண்டி உள்ளே வாறதில்லை. மிச்சத்தை அம்மா கட்டித் தாற மிளகாய்த்தூளும் கருவாடும் பார்த்துக்கொள்ளும்.

இதெல்லாம் ஒவ்வொரு வருடமும் எல்லா பெச்சுக்கும் நடக்கிறது. குறூப் சூடானது வேற விஷயத்தால்.

நாங்கள் போய் மூன்றாம் கிழமை புது பெச் வருது. ஒரு இரவு ஒருவன் போட்டான்: "ஜூனியர்ஸ் வாறாங்கள், எல்லாரும் ரெடிதானே?" வரிசையாகச் சிரிப்பு இமோஜி விழுந்தது. அதற்குக் கீழே ஒருத்தி இரண்டே சொல் எழுதினாள்: "எதுக்கு ரெடி?" ஒரு மணித்தியாலம் குறூப்பில் ஒரு அசைவும் இல்லை. பிறகு விடியப்புறம் மூன்று மணி வரைக்கும் சண்டை.

எங்களுக்கு நடந்ததை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை. பெடியளுக்கு நீளக் கை சேர்ட், பெட்டையளுக்கு இரட்டைப் பின்னல், எல்லாருக்கும் ஒரு பட்டப்பெயர், அதை வீதியில் நின்று சத்தமாகச் சொல்ல வேணும். இரவு போனில் கூப்பிட்டால் எங்கே கூப்பிட்டாலும் போக வேணும். கேட்டால் "பகிடி" என்பார்கள். எங்களில் ஒருத்தி, தோட்டத்திலிருந்து கம்பஸ் வந்த முதல் பிள்ளை, நாலாம் கிழமை லீவுக்கு வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. காரணம் எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. வரவுப் பட்டியலில் மட்டும் அவளுடைய பெயர் செமஸ்டர் முடியும்வரை இருந்தது. ஒவ்வொரு லெக்சரிலும் அந்த வரியைத் தாண்டித்தான் நாங்கள் சைன் வைத்தோம்.

அன்றிரவு மூன்று நியாயங்கள் வந்தன. எங்களுக்கு நடந்தது அவங்களுக்கும் நடக்கட்டும் என்பது முதலாவது. இதற்குப் பதில் சொல்லத் தேவையில்லை. வெருட்டாட்டி மதிக்க மாட்டாங்கள் என்பது இரண்டாவது. எங்களை வெருட்டினவர்களை இப்ப எத்தனை பேர் மதிக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தால் சரி. மூன்றாவதுதான் கொஞ்சம் யோசிக்க வைத்தது: ராகிங் இல்லாட்டி பெச் ஒண்டாகாது. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், மலையகம், தமிழ், முஸ்லிம், கார் உள்ள வீட்டுப் பிள்ளை, பஸ்ஸுக்குக் காசு எண்ணுற பிள்ளை, எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்பாட்டுறது அதுதானாம்.

உண்மையில் அந்த நாட்களில்தான் எங்களில் பலர் சிநேகிதமானோம். அதை மறுக்கேலாது. வெள்ளத்தில் ஒரே கூரைக்கு ஏறினவையும் சிநேகிதம் ஆவினம், அதுக்காக வெள்ளம் வரவேணும் எண்டு யாரும் நேருறதில்லை. எங்கள் பெச் உண்மையில் எப்ப ஒண்டானது? ஒருத்திக்கு டெங்கு வந்து எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது முறை வைத்துக் கஞ்சி கொண்டு போனோமே, அப்ப. புள்ளிவிபரவியல் விளங்காமல் எல்லாரும் முழிசிக்கொண்டு இருந்தபோது ஹற்றன் பிள்ளை ஒருத்தி மரத்துக்குக் கீழே குப்பி எடுத்தாளே, செக்கியூரிட்டி அங்கிள் லைட் அடித்துக் கலைக்கும்வரை, அப்ப. ஜமாஅத் வீட்டுப் பிள்ளையும் கோயில் ஐயர் மகனும் ஒரே வாழை இலையில் சோறு பிசைந்தது எந்த சீனியரும் சொல்லி இல்லை, இலை ஒன்றுதான் இருந்தது.

1997இல் பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், சீனியர்கள் கட்டாயப்படுத்திச் செய்வித்த உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருடம் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை, பாலியல் தொல்லையோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. நாங்கள் பிறக்க முன்னமே வந்த சட்டம். அதை ஒருவர் குறூப்பில் போட்டபோது "சட்டம் கதைக்க வந்திட்டார்" என்றுதான் பதில் வந்தது.

சட்டத்தை விடப் பெரிய பிரச்சினை நோட்ஸ். வெளியே இருப்பவர்களுக்கு இது விளங்காது. தமிழ் மொழிமூலம் கலைப்பீடத்தில் படிக்கிறவர்களுக்குப் பல பாடங்களில் தமிழில் புத்தகம் மிகக் குறைவு. இருப்பது சீனியர் எழுதின நோட்ஸ், அவருடைய சீனியர் எழுதினது, போட்டோகொப்பியின் போட்டோகொப்பி. பாஸ்ட் பேப்பரும் அப்படித்தான். ஆக, சீனியரிடம் பயப்படுவது அவருடைய குரலுக்கு இல்லை, அவருடைய பைலுக்கு. ராகிங்குக்குப் போகாதவருக்கு நோட்ஸ் இல்லை, குப்பி இல்லை, கன்டீனில் பக்கத்தில் இருக்க ஆள் இல்லை. முழு ஏற்பாடும் இந்த ஒரு ஆணியில்தான் தொங்குது.

அதனால் அந்த ஆணியைக் கழற்றுவோம் என்று 31 பேர் சம்மதித்திருக்கிறோம். எங்களிடம் உள்ள எல்லா நோட்ஸையும் ஸ்கேன் பண்ணி கூகுள் டிரைவில் போட்டு, பதிவு நாளிலேயே லிங்கை எல்லாருக்கும் கொடுப்பது. யார் எந்த ஊர், எந்த ஸ்கூல் என்று கேட்பதில்லை. குப்பி சனிக்கிழமைகளில், வர விரும்புறவர் வரலாம்.

மூன்றாம் வருட அண்ணாமாருக்கு இது எப்படியோ போய்ச் சேர்ந்திட்டு. "வந்து நிக்கிறவைக்கு மட்டும் குடுங்கோ. இல்லாட்டி நாங்கள் இறங்குவம்" என்று ஒரு அண்ணா வொய்ஸ் அனுப்பினார். அதே அண்ணாதான் டெங்கு நேரம் இரத்தம் கொடுக்க முதலாவதாக ஓடி வந்தவர். ஆட்களை நல்லவர், கெட்டவர் என்று பிரிக்கேலாமல் இருப்பதுதான் இதில் எங்களுக்குக் கஷ்டம். அந்த வொய்ஸுக்குப் பிறகு ஒன்பது பேர் குறூப்பை விட்டுப் போயிட்டினம். மிச்சப் பேர் ஒன்றும் சொல்லாமல் நீலச் சரி மட்டும் விழுத்திக்கொண்டிருக்கினம். திறக்கும் நாளில் அவர்கள் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று தெரியாது. புது பெச் வந்து எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினால் என்ன செய்வது என்றும் இன்னும் கதைக்கவில்லை.

இதுவரை 14 பாடங்களின் நோட்ஸ் ஏறியிருக்கு. தமிழ் இலக்கிய வரலாறு முழுசா இருக்கு. சமூகவியல் அறிமுகத்தில் மூன்றாம் அலகு மங்கல், யாராவது திரும்ப எழுத வேணும். புவியியலில் 22இலிருந்து 25 வரை பக்கம் இல்லை. வைத்திருப்பவர் வெள்ளிக்கிழமைக்கு முதல் படம் எடுத்து அனுப்பிவிடவும், குறூப்பை விட்டுப் போனவராக இருந்தாலும்.