பல்லாவரம் சந்தை முதல் தாம்பரம் வரை: தோல் சொல்லும் கதை

வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் செடி, பாத்திரம், பழைய நாற்காலி, செல்போன் உதிரி என எல்லாம் கிடைக்கும். நிழலுக்குத்தான் பஞ்சம். கடை விரித்திருப்பவர்களின் முகங்களைப் பாருங்கள். நாற்பது வயதுக்காரர் ஐம்பதைத் தாண்டியவர் போலத் தெரிவார். வாங்க வந்தவரோ அதே வயதில் இளமையாக இருப்பார். வயது ஒன்றுதான்; வெயிலில் நின்ற நேரம்தான் வேறு.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. கோடையின் உச்சி வெயிலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது மிகத் தீவிரமான நிலை. புற ஊதாக் கதிர்களில் 'பி' வகை மேல்தோலைச் சுடும். 'ஏ' வகை ஆழமாக இறங்கி, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனைச் சிதைக்கும். நம் தோலின் மெலனின் ஓரளவு காப்பதால் சுருக்கம் தாமதமாகத்தான் வரும். ஆனால், மங்கும் கரும்புள்ளியும் முந்திக்கொள்ளும்.

சந்தேகமா? உங்கள் மேல்கையின் உட்புறத்தையும் புறங்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே வயதுதானே!

சந்தையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலைக்கு வந்தால் வெயிலோடு புகையும் சேர்ந்துகொள்கிறது. ஜெர்மனியில் பெண்களிடம் நடத்தி 2010-ல் வெளியான ஆய்வு, வாகனப் புகைக்கும் முகத்தில் வரும் கரும்புள்ளிகளுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று, 28 ஆண்டுகள் லாரி ஓட்டிய 69 வயதுக்காரரின் படத்தை வெளியிட்டது. ஜன்னலை ஒட்டிய இடது கன்னம் மட்டும் ஆழமாகச் சுருங்கியிருந்தது. 'ஏ' வகைக் கதிர்கள் கண்ணாடியையும் ஊடுருவும். நம் ஊரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். ஆகவே, இங்கே வலது கன்னத்துக்குத்தான் ஆபத்து.

குரோம்பேட்டை தாண்டினால் சானடோரியம். காசநோயாளிகளுக்குத் தூய காற்று வேண்டும் என்று 1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே மருத்துவமனை தொடங்கினார். அந்தக் காற்றைத் தேடித்தான் அன்று இந்த ஊருக்கு வந்தார்கள். 1937-ல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் வளாகத்தில் இன்றும் அடர்ந்த மரங்கள். வாசலைத் தாண்டிப் பத்தடி நடந்தாலே வெக்கை குறைவது தெரியும்.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. காலை 10 முதல் மாலை 3 வரை குடை, முழுக்கைச் சட்டை. முகத்துக்கு எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன், வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் சோப்பைக் குறைத்து, குளித்த ஈரத்திலேயே தேங்காய் எண்ணெய் தடவுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள்; நன்றாகத் தூங்குங்கள். மருத்துவரைக் கேட்காமல், முகம் வெளுக்க ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கவே வாங்காதீர்கள். அது தோலை மெலிதாக்கிவிடும்.

ஆனால், பூக்காரம்மாவுக்கும் போக்குவரத்துக் காவலருக்கும் நேரம் பார்த்து வெளியே வரும் வசதி கிடையாது. 2021-ல் மாநகராட்சியான தாம்பரத்தில் மேம்பாலங்களோடு சேர்த்து நாம் கேட்க வேண்டியவை, சாலையோர மரங்களும் கூரையுள்ள பேருந்து நிறுத்தங்களும். அவர்களுக்கு அதைவிட நல்ல கிரீம் எந்தக் கடையிலும் இல்லை.