கூடம் நிஜமாகவே கோணல்தான்!

"அப்பா, படம் தத்தித் தத்திப் போகுதுப்பா" என்று பையன் ஒரு மாதமாகப் புலம்பல். வேலரண்ட் சர்வர் மும்பையிலேயே இருக்கிறது. கோபர்கைரனேயில் உட்கார்ந்துகொண்டு என்ன சாக்கு? "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று பழமொழி வேறு எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தைத் திறந்தால்... வாங்கியது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர், ஓடுவது 60-ல்! பி.காம் மூளை கணக்குப் போட்டது. நொடிக்கு 1000 மில்லி செகண்ட். 60-ஆல் வகுத்தால் ஒரு படத்துக்கு 16.7, 144-ஆல் வகுத்தால் 6.9. எதிராளி தலை நீட்டுவதே இவனுக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கிறது. காசு கொடுத்த வசதியை ஆக்டிவேட் பண்ணாமல் வைத்திருந்த கஸ்டமர் நான்தான்!

144-க்கு மாற்றினேன். பவர் பிளான் 'பவர் சேவர்'-ல் இருந்தது. அதை 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' ஆக்கினேன். ப்ராசஸர் அளவுமீறிச் சூடானால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் விசிறியில் அப்பியிருந்த தூசியையும் தட்டினேன்.

அன்றும் பையன் தோற்றான். ஆனால் சிரித்துக்கொண்டே தோற்றான். "ஸாரிடா" என்று சொல்ல எனக்குத்தான் இரண்டு நாள் ஆனது.

மானிட்டர் வாங்கிய அப்பாக்களே, முதலில் அந்த எண்ணைப் பாருங்கள். பழமொழி அப்புறம்.