அடங்கிய மூச்சு

பங்குத் திருவிழாக் கடையில் கோலி சோடா உடைப்பதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். குண்டு உள்ளே இறங்கும்வரை நீர் தெளிந்தே நிற்கிறது. அதில் கரைந்துள்ள வாயு கண்ணுக்குத் தெரிவதில்லை. அழுத்தம் நீங்கிய மறுகணமே நுரை பொங்கிக் கையை நனைக்கிறது. எரிமலையின் சீற்றமும் இத்தகையதே என்று படித்தபோது, நெருப்பே மலையை உடைக்கிறது என எண்ணியிருந்த நாம் வியப்புற்றோம்.

பூமியின் ஆழத்தில் உருகிய பாறைக் குழம்பினுள் நீராவியும் கரியமில வாயுவும் கந்தக டையாக்சைடும் கரைந்துள்ளன. குழம்பு மேலேறி அழுத்தம் குறையும்போது அவை குமிழிகளாகின்றன. குழம்பு இளகியதாயின் வாயு எளிதில் வெளியேறிவிடும். பிசுபிசுப்பு மிகுந்ததாயின் உள்ளேயே சிறைப்பட்டு, முடிவில் குழம்பையே தூளாக்கி வானில் எறியும்.

ஆகவேதான் அறிஞர் மலையின் மூச்சை அளக்கின்றனர். பிலிப்பைன்ஸ் நாட்டில் ஏறத்தாழ 500 ஆண்டுகள் உறங்கிய பினாட்டுபோ மலை 1991 ஏப்ரலில் விழித்தது. மலையில் ஆவி எழும் செய்தியை, மலைவாழ் அயித்தா மக்களோடு சென்று ஆய்வாளருக்கு அறிவித்தவர் அங்குப் பணியாற்றிய ஓர் அருட்சகோதரி. தொழிற்சாலைப் புகையை அளப்பதற்கென அமைந்த கருவியைக் கொண்டு, ஆய்வாளர் தொலைவிலிருந்தே கந்தக டையாக்சைடை அளந்தனர். மே 13இல் நாளொன்றுக்குச் சுமார் 500 டன். மே 28இல் 5,000 டன்னுக்கும் மேல். ஜூன் தொடக்கத்திலோ அது சில நூறு டன்னாகச் சுருங்கிவிட்டது.

நாமாயிருந்தால் ஆபத்து விலகிற்றென்று இறைவனுக்கு நன்றி கூறி வீடு திரும்பியிருப்போம். அவர்களோ அஞ்சினர். வாயு தீர்ந்துவிடவில்லை, அது வெளியேறும் வழியே அடைபட்டுவிட்டது என்று கருதினர். பல்லாயிரவர் வெளியேற்றப்பட்டனர். ஜூன் 15இல் மலை பெருஞ்சீற்றத்துடன் வெடித்தது. புயல் மழையில் நனைந்த சாம்பலின் பாரத்தால் கூரைகள் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஆயினும் ஆயிரக்கணக்கான உயிர்கள் காக்கப்பட்டன.

இக்கல்விக்குக் கொடுத்த விலையும் பெரிது. 1993 ஜனவரி 14இல், கொலம்பியாவின் கலேராஸ் எரிமலைக்கு ஆய்வுக்காகச் சென்ற அறிஞர் அறுவரும் பார்வையாளர் மூவரும் திடீர் வெடிப்பில் உயிரிழந்தனர். அன்று காலை அம்மலையும் அமைதியாகவே காணப்பட்டது.

நம் இல்லத்தில் ஓயாது குறைகூறிவந்த இளையவன் ஒருவன், முன்னொருகால் திடீரெனப் பேச்சை நிறுத்திக்கொண்டான். வீட்டில் அமைதி பிறந்ததென்று நாம் மகிழ்ந்தோம். சில வாரங்களில் அவன் ஒருவரிடமும் சொல்லாமல் வெளியேறினான். திரும்பி வர ஈராண்டு ஆயிற்று. பினாட்டுபோவைப் பற்றிப் படித்த இரவில் அந்த மௌனமே நம் நினைவுக்கு வந்தது. அவன் முணுமுணுத்த நாட்களைவிட, முணுமுணுப்பு நின்ற நாளில்தான் நாம் அவனருகே சென்று அமர்ந்திருக்க வேண்டும்.